தினமும் சவரம் செய்துகொண்ட நெசவாளி

காஞ்சிபுரத்து ஆண்களுக்கெல்லாம் முகம் என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்துக் காட்டிய என் அருமை மச்சான் ஏழுமலைக்கு,

காமாட்சி சாட்சியாக, என் தறி சாட்சியாக ஒன்றை உறுதி கூறுகிறேன். இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகும் கதையை ஒருவரும் நம்ப மாட்டார்கள். உனக்கு அந்தச் சிரமம் இல்லை, நீ கூடவே இருந்தவன். உன் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நான் தணிகாசலம், பட்டு நெசவாளி. ஏழுமலை எங்கள் தெருமுனையில் சலூன் வைத்திருந்தவன், போன மாதம் போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் மகள் அம்சா பேச ஆரம்பித்த நாள்முதல் என்னை மாமா என்றாள். அந்தக் கணக்கில் அவன் எனக்கு மச்சான். சாதி வேறாயிற்றே என்று தெருவில் இரண்டொருவருக்கு உறுத்தியது. எங்களுக்கு உறுத்தவில்லை.

முதலில் இங்கத்திய செய்தி. காரியம் முடிந்த மறுநாளே உன் மருமகன் தேசிங்கு கடையைத் திறந்துவிட்டான். கை இன்னும் நிதானப்படவில்லை. இந்த வாரம் இரண்டு காதுகளில் லேசான கீறல், இரண்டும் என்னுடையவை. ஹெல்த் விசிட்டர் நமசிவாயம் சார் வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் வந்தார். உன் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்று சீப்பால் தலையை வாரிக்கொண்டிருந்தார். அவருக்கு வாரத் தலைமயிர் கிடையாது என்பது உனக்குத் தெரியும்.

இனி என் பழைய இருமல் கதை. அது என்ன சாதாரண இருமலா? தறிக்குழியில் உட்கார்ந்து நான் ஒருதரம் இருமினால் மாகறலில் மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். கோபுரத்துப் புறாக்கள் கிளம்பினால் திருமுக்கூடலில் போய்த்தான் இறங்கும். மூன்று மாதம் இப்படி. சாயங்காலமானால் காய்ச்சல், வேட்டி இடுப்பில் நிற்காது. எனக்கா பயம்? ஆஸ்பத்திரிக்குப் போக நேரம் இல்லை, அவ்வளவுதான்.

தறியில் அப்போது ஏறியிருந்தது முகூர்த்தப் புடவைக்கான பாவு, முதலாளி கொடுத்த நீளவாட்டு நூல். எங்கள் முதலாளி, 'நம்ம புடவை சுத்தபத்தமா, மடியா நெய்யறது' என்று வாடிக்கைக்காரர்களிடம் பெருமை பேசுகிறவர். டி.பி. என்ற சொல் அவர் காதில் விழுந்தால் அன்றைக்கே பாவைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விடுவார். வெறும் தறியை வைத்துக்கொண்டு நானும் என் பெண்டாட்டியும் இரண்டு பிள்ளைகளும் எதைத் தின்பது?

ஒரே ஒரு தரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீட்டு எழுதுகிறவர் தலையைத் தூக்காமலே, "இருமலா? டி.பி. லைன் அந்தாண்ட. எட்டப் போய் நில்லு" என்று, திருவிழாவில் காணாமல் போன குழந்தையை அறிவிப்பதுபோல் அறிவித்தார். வரிசையில் எனக்கு இரண்டு ஆள் பின்னால் நின்ற எங்கள் தெருக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "இருமல் இல்ல சார், பல்லு வலி" என்று சொல்லிவிட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற நல்ல பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். இன்றைக்கும் அந்த இடம் காலி.

நீதான் கண்டுபிடித்தாய். சோப்பு நுரை தடவி, கழுத்தில் கத்தியை வைத்தவன் அப்படியே நின்றாய்.

"இன்னா மச்சான் இது? கழுத்தெலும்புப் பள்ளத்துல கால் படி தண்ணி நிக்கும் போலிருக்குதே."

"வைரம் பாய்ஞ்ச உடம்புடா."

"வைரம் இருமாதுபா."

உன் வீட்டு ஆண்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டி கீறி மருந்து வைத்தவர்கள். பெண்கள் பிரசவம் பார்த்தவர்கள். ஊர் உன்னைப் பண்டிதர் என்று கூப்பிட்டது சும்மா இல்லை. டாக்டரிடம் சட்டையைக் கழற்ற யோசிக்கிறவன் உன்னிடம் கழுத்தையே நீட்டினான். வீட்டுச் சண்டை, மூலம், தூக்கம் வராதது, பெண்டாட்டியிடம் சொல்ல முடியாதது எல்லாம் அந்த நாற்காலியில்தான் இறங்கின. நீ ஒன்றையும் வெளியே விடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நமசிவாயம் சார் ஊருக்குப் புதிதாக வந்தார். தெருவில் பாய் விரித்து, நுரையீரல் படத்தை மாட்டி, ஒருமணி நேரம் பேசினார். இருமல் உள்ளவர்கள் டப்பாவில் சளியைத் துப்பித் தர வேண்டும், பரிசோதித்து மாத்திரை தருவோம், குணமாகிவிடும் என்றார். எல்லோரும் தலையாட்டினோம். கூட்டம் முடிந்தபோது அவர் கொண்டுவந்த டப்பாக்கள் கொண்டுவந்தபடியே இருந்தன. மனசு உடைந்து உன் கடையில் தண்ணீர் குடிக்க வந்தவரிடம் நீ சொன்னாய்:

"இங்க வச்சுக்கோங்க சார். கழுத்தையே காட்டறவன் சளியக் காட்ட மாட்டானா?"

"எந்த நாள் வைக்கலாம்?" என்றார் அவர்.

இங்கேதான் உலகம் கண்டிராத என் மூளை வேலை செய்தது. "அமாவாசை!" என்று முழங்கினேன். "அன்னிக்கு நாங்க தறியில கை வைக்க மாட்டோம். அன்னிக்கு எவனும் முடி வெட்டிக்க மாட்டான், இவன் கடையும் காலி. இதைவிட வேற நாள் உண்டா சார்?" நீ ஆகா என்றாய். சார் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டார்.

அமாவாசை வந்தது. கடையை அலசி விட்டு, டப்பாக்களை அடுக்கி, நீயும் சாரும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். எதிர் டீக்கடை பெஞ்சில் எங்கள் தெரு ஆண்கள் மொத்தப் பேரும் உட்கார்ந்து உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நான். மதியம் வரை உன் கடைக்குள் நுழைந்தது ஓர் ஆடு. அதுவும் சுவரில் ஒட்டியிருந்த நுரையீரல் படத்தைத் தின்பதற்கு.

படி இறங்கி வந்து என் முன்னால் நின்றாய். "யோசனை சொன்ன நீயே இங்க குந்திக்கினு வேடிக்கை பாத்தா எப்பிடி?"

"இன்னா பண்ணச் சொல்ற? அமாவாசையில சலூனுக்குள்ள போறவன் எதுக்குப் போறான்னு தெருவுக்கே தெரிஞ்சிடுமேபா!"

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. உனக்கும் உறைத்தது. நமசிவாயம் சார் நோட்டை எடுத்துத் தன் நெற்றியிலேயே அடித்துக்கொண்டார்.

அன்றைக்கே நீ வழியை மாற்றினாய். ஞாயிற்றுக்கிழமை, கடை நெருக்கியடிக்கும் நாள். நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும், பாதிச் சவரத்தில் எழுந்து பின்பக்கத் தடுப்புக்கு வெளியே போய் டப்பாவில் துப்பிவிட்டு வந்தால்தான் மீதிச் சவரம்.

"இருமல் இல்லாதவனுக்கு எதுக்குப்பா?" என்று கேட்டார் சார்.

"இருமல் இருக்கிறவன் துப்பணும்னா, இல்லாதவனும் துப்பணும் சார். நீங்க இடது பக்கப் பலகையில வைக்கிறத மட்டும் எடுத்துக்கினு போங்க. மீதிய நான் கொதிக்கிற தண்ணியில போட்டுக் கழுவிடறேன்."

இடது பலகையில் எதை வைப்பது என்பது உனக்குத் தெரியும். கழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நான் ஊருக்குச் சொல்லிவருவதை நீயும் கேட்டிருக்கிறாய். துப்ப மறுத்த எழுபது பேர் பாதி மீசையோடு ராஜ வீதியில் ஊர்வலம் போனார்கள். வரதர் கோயில் யானை அதைப் பார்த்து மிரண்டு முசரவாக்கம் வரை ஓடியது. என்னை நாலு பேர் நாற்காலியோடு சேர்த்துக் கட்டினார்கள். நான் இருமிய இருமலில் கண்ணாடி விரிசல் விட்டது.

பத்து நாள் கழித்து நீயே தறிக்குழி ஓரத்தில் வந்து குந்தினாய். "மச்சான், இருக்குது. அதுக்கு மாத்திரையும் இருக்குது." அவ்வளவுதான் சொன்னாய்.

மாத்திரையை வீட்டில் வைத்தால் கேள்வி வரும். அதனால் உன் பவுடர் டப்பாவுக்குப் பின்னால் வைத்தாய். தினமும் காலையில் நான் சவரத்துக்கு வர வேண்டும், உன் கண் முன்னால் விழுங்க வேண்டும். சவரம் ஆகாத செவ்வாய், வெள்ளி, அமாவாசைக்கு மட்டும் காகிதத்தில் மடித்துக் கொடுப்பாய். ஒரு வருஷத்துக்கு மேல் இந்தக் கூத்து நடந்தது. ராஜாக்களுக்குக்கூட அப்படி ஒரு முகம் வாய்த்திராது, மச்சான். ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழுந்தது.

முதலாளி கேட்டார்: "இன்னா தணிகாசலம், ரெண்டாவது கல்யாணமா?" தறியில் உட்காரும்போது சார் சொன்னபடி வாயில் துணி கட்டிக்கொண்டதற்குப் பட்டுத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று காரணம் சொல்லியிருந்தேன். முகத்துக்குக் காரணம் யோசித்து வைக்கவில்லை.

வீட்டில் இன்னும் மோசம். "யாருக்குயா இந்த மினுமினுப்பு? எவ அவ?" என்று என் பெண்டாட்டி நேராக உன் கடைக்கே வந்தாள். ஆண்கள் நிறைந்த சலூனில் ஒரு பெண் வந்து நின்றதை அன்றுதான் பார்த்தேன். நீ அவளை வெளியே கூட்டிப்போய் என்ன சொன்னாயோ, திரும்பி வந்தவள் சண்டை போடவில்லை. மறுநாளிலிருந்து முட்டை வேகவைத்துக் கொடுத்தாள். என்ன சொன்னாய் என்று உன்னிடம் கேட்கவே இல்லையே.

சளி சுத்தமாகிவிட்டது என்று சார் சீட்டைக் காட்டிய நாளில் பாவும் என் தறியில்தான் இருந்தது, நானும் தறியில்தான் இருந்தேன். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் யாராவது தினமும் சவரம் செய்துகொள்ள ஆரம்பித்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. அந்த வீட்டுக்கு முட்டை போய்ச் சேரும்.

இத்தனை பேர் நெஞ்சைப் பார்த்தாயே, உன் நெஞ்சை யார் பார்த்தார்கள்? மாரடைப்பு வருமுன், இடது தோள் வலிக்கிறது என்று நீ கத்தியை வைத்துவிட்டுத் தோளை நீவிக்கொண்டதை இரண்டு வாரமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தே பார்த்தேன். "வயசாயிடுச்சா மச்சான்?" என்று கிண்டல் செய்தேன். நீயும் சிரித்தாய். ஒரு தரம் ஒழுங்காகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா?

போகட்டும். ஒரு வாக்குத் தருகிறேன். இனி ஞாயிறுதோறும் முதல் டப்பா என்னுடையது, இருமல் இல்லாவிட்டாலும். நாற்காலியை விட்டு இறங்குமுன் தேசிங்கின் கையைப் பிடித்து, "உனக்கு எப்பிடிப்பா இருக்குது?" என்று கேட்பேன். ஒண்ணுமில்ல மாமா என்றால் இன்னொரு தரம் கேட்பேன்.

எட்டிப் படிக்கிறவர்களே, எழுபது பேர் கிடையாது, யானை கோயிலில்தான் இருந்தது, என்னை யாரும் கட்டவில்லை. கண்ணாடியும் நன்றாகத்தான் இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைக் கதையில் ஒரு சின்னத் துண்டு மட்டும் நிஜம். பாதி முகத்தில் கத்தியை நிறுத்திவிட்டு, பெஞ்சில் இருந்தவர்களுக்குக் கேட்காதபடி குனிந்து, "பயமா இருக்குதா மச்சான்?" என்று அவன் கேட்டான். ஆமாம் என்றேன்.

அம்சாவுக்கு மாமன், உனக்கு மச்சான்,
தணிகாசலம்