தொடாமல் விட்ட கேள்விகள்

சோலைமட்டம் எஸ்டேட்,
பள்ளிவாசல் வழி,
18-7-1976

அன்பு மகள் முத்துப்பேச்சிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறைவும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் மதராஸ் ஹாஸ்டலில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். அதற்கு மேல் இங்கே எதுவும் நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பதினைந்து நாளாக மழை விடவில்லை, சமையல்கட்டுத் தகரம் ஒழுகுகிறது, அப்பாவுக்குச் சளி கட்டி இப்போது தேவலை.

ஐந்தாவதோடு நிற்கும் நம் பள்ளிக்கூடத்துக்கு ஆறாம் வகுப்பு வேண்டும் என்று லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது உனக்குத் தெரியும். போன வெள்ளிக்கிழமை மேனேஜர் துரை, ஏசுதாஸ் வாத்தியாரைக் கூப்பிட்டு, நீ மரியாதைக்காகத் தனக்கு அனுப்பிய ஆராய்ச்சிப் புத்தகத்தைக் காட்டியிருக்கிறார். நீ பரீட்சை வைத்ததில் லயத்துப் பிள்ளைகள் முப்பது பேர், ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் முப்பது பேர், ஐம்பது கேள்வியில் இவர்கள் சராசரி இருபத்தொன்று, அவர்கள் முப்பத்தொன்று, இந்த வித்தியாசம் தற்செயல் இல்லை, லயத்துப் பிள்ளைகளுக்கு அறிவுத்திறன் குறைவு என்று நீ எழுதியிருக்கிறாயாம். ஐந்தாவதே இவர்களுக்கு அதிகம், உங்கள் பெண்ணே கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறாள் என்று துரை சிரித்தாராம். அடுத்த மாதம் முதல் தேதி கம்பெனிக் கூட்டத்தில் முடிவு. இல்லை என்றாகிவிட்டால் ராக்கப்பன் மகள் குருவம்மாள் உட்பட ஒன்பது பிள்ளைகள் படிப்பை விட்டுத் தேயிலைக் காட்டுக்குக் கொழுந்து எடுக்கப் போகும்.

குழாயடியில் ராக்கப்பன் என்னைப் பார்த்து, ஏன் மதினி, எங்க பிள்ளைகளுக்குப் புத்தி இல்லன்னு ஒங்க மக எழுதிக் குடுத்துட்டாளாமே, அவ மட்டும் எந்தப் பங்களாவுல பொறந்தா என்று கேட்டார். குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த குருவம்மாளிடம், ஏண்டி, அவ்வளவும் தப்பாகவா எழுதினாய் என்று கோபமாகக் கேட்டேன். அது விழித்துக்கொண்டு, இல்ல பெரியம்மா, நீங்கதான தெரியாததத் தொடாதீங்கன்னு சொன்னீங்க, பாதிக் கேள்வி தொடவே இல்லையே என்றது. நீ பரீட்சை வைத்த அன்று காலையில் பிள்ளைகள் அத்தனையும் நம் வாசலில் நின்றபோது, என் மகளுக்குக் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாதே என்று நான்தான் அப்படிச் சொன்னேன். சந்தேகமான இலையைச் செடியிலேயே விட்டுவிடு, கூடையில் முற்றின இலை கலந்தால் மொத்த எடையிலும் கழித்துவிடுவார்கள் என்று சொல்லித்தானே உன்னையும் வளர்த்தேன். நாலு விடையில் ஒன்றைச் சுழித்துவைத்தால் தப்பானாலும் நஷ்டமில்லை என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் தெரியாததற்கும் எதையாவது சுழித்திருக்கும்.

பாதித் தப்பு என்னுடையது. அதை வாத்தியாரோடு ஆபீசுக்குப் போய்த் துரையிடமே சொன்னேன். ஆபீஸ் படி ஏறி நான் பேசியது இதுதான் முதல் தடவை. அட்டவணை பொய் சொல்லாது, நீ போய் வேலையைப் பார் என்றார். ஆனால் மீதிப் பாதி உன்னுடையது, பேச்சி. விடுமுறைக்கு விடுமுறை கூடை கட்டிக் கொழுந்து எடுத்தவள் நீ. முப்பது தாளிலும் வெறும் இடமாகக் கிடந்ததைப் பார்த்தவளும் நீதான். வேறு ஊர்க்காரி பார்த்திருந்தால் நான் குறை சொல்ல மாட்டேன். போன லீவில் அடுப்படியில் உட்கார்ந்து எனக்கு விளக்கினாயே, இரண்டு கூட்டத்தின் சராசரியும் எவ்வளவு விலகி நிற்கிறது, ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் எவ்வளவு ஏற்ற இறக்கம் என்று பார்த்து ஒரு எண் எடுத்து, புத்தகத்தின் கடைசிப் பக்க அட்டவணையில் ஒப்பிட்டால் வித்தியாசம் தற்செயலா இல்லையா என்று தெரியும் என்று. அது தற்செயல் இல்லைதான். நான் சொல்லி அனுப்பியதால் வந்த வித்தியாசம். தற்செயல் இல்லை என்பதோடு உன் அட்டவணை நின்றுவிட்டது, புத்தி குறைவு என்றது நீ.

வாத்தியார், விட்ட கேள்விகளைத் தனியாகவும் தப்பானவற்றைத் தனியாகவும் எண்ணினாலே வித்தியாசம் எதனால் வந்தது என்று தெரிந்துவிடும் என்கிறார். தாள்கள் உன் பெட்டியில்தான் இருக்கின்றன. எண்ணிப் பார்த்து, உள்ளதை உன் புரொபசருக்கும் துரைக்கும் எழுது. இருபத்தெட்டாம் தேதி யூனிவர்சிட்டியில் உன்னை நேரில் கூப்பிட்டுக் கேள்வி கேட்கப் போகிறார்கள், இப்போது இதைச் சொன்னால் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகலாம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அப்பா, அவளை வற்புறுத்தாதே என்கிறார். உன்னைப் படிக்க வைக்க எனக்கு இருந்த ஆசை குருவம்மாளின் அம்மாவுக்கும் இருக்கிறது.

எழுத உனக்கு மனமில்லை என்றால் அதையாவது ஒளிக்காமல் ஒரு கார்டில் தெரிவி. முதல் தேதிக்கு முன்னால் நானே ராக்கப்பன் வீட்டுக்குப் போய், என் மகள் எழுத மாட்டாள் என்று சொல்லிவிடுகிறேன். அவர்கள் வேறு வழி பார்க்கட்டும்.

முருகன் உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் கொடுக்கட்டும். தலைக்குக் குளித்த அன்று ஈரத்தோடு படுக்காதே. கடிதம் கிடைத்த அன்றே பெட்டியைத் திற.

இப்படிக்கு,
உன் அம்மா
அழகுத்தாய்