இடப்பக்கச் சுவர்

பிப்ரவரி 11

சுரங்கத் தடுப்புச் சுவருக்கு ஒப்புதல் வந்துவிட்டது. மேலதிகாரி சந்துரு சார் ஆபீசில் எல்லோருக்கும் மசால் தோசை வாங்கித் தந்தார். "காவேரின்னு பேர் வெச்சுக்கிட்டு தண்ணிய நிறுத்தறியே" என்று கிண்டல் வேறு.

நஞ்சன்கூட்டுக்கு அப்பால், மூடிக்கிடக்கும் குரோமைட் சுரங்கம். மலையடியில் குடைந்த நுழைபாதையை ஐந்து மீட்டர் கான்கிரீட்டால் அடைத்தால், ஓடையில் கலக்கும் சுரங்கத்தின் கெட்ட தண்ணீர் மலைக்குள்ளேயே நின்றுவிடும். சுவருக்குப் பின்னால் அறுபத்திரண்டு மீட்டர் உயரத்துக்கு ஏறும். கீழே நாற்பது வீடுகள். வரைந்தது நான், கையெழுத்தும் என்னுடையது.

பிப்ரவரி 23

ஊர்க்கூட்டம். கொள்ளேகால் பக்கமிருந்து சுரங்க வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட நாச்சம்மாள் எழுந்து, "செவுரு எந்தெடத்துலீங்?" என்று கேட்டார். உள்ளே அறுபதாவது மீட்டரில், இடப்பக்கம் வெள்ளையடித்த இடத்தில் என்றேன். சிரித்துவிட்டார்.

"அது பாறையே இல்லீங் அம்மணி. ஆப்பீசர் பாக்க வர்றாருன்னா, தோண்டக்கூடாத எடத்துல தோண்டுன பொந்தையெல்லாம் கல்லு வெச்சு அடச்சு, மண்ணு பூசி, வெள்ளையடிச்சுப் போடுவாங்க. வெளிய நின்னு சுண்ணாம்பு கரச்சுக் குடுத்ததே நாந்தானுங்."

வீட்டுக்கு வந்ததும் அறிக்கையை எடுத்து மறுபடி படித்தேன்.

பிப்ரவரி 24

இடப்பக்கத்தை நான் சுத்தியலால் தட்டவே இல்லை. தட்டியது வலப்பக்கம், சோதனைத் துளை போட்டதும் வலப்பக்கம். இடப்பக்க ஓரமாகக் கால்வாய் ஓடுகிறது, முழங்கால் வரை சேறு. ஆனால் அறிக்கையில் "இருபுறமும் உறுதியான பாறை" என்று இருக்கிறது. எவ எழுதுனா? நான்தான்! பதினாறு வருஷ சர்வீஸ் — சேத்துல கால வைக்க அருவருப்பா?

கான்கிரீட் உடையாது. அது தெரியும். ஆனால் பக்கத்தில் பொந்து இருந்தால் தண்ணீர் அதற்குள் புகுந்து, சுவரைச் சுற்றிக்கொண்டு வெளியே வரும். மொத்தத் தண்ணீரும் ஒரே நேரத்தில் வந்தால்? நாற்பது வீடு.

பிப்ரவரி 25

சந்துரு சாரிடம் சொன்னேன்.

"ஆயித்து, பிடு மாராய்த்தி. விட்டுத் தள்ளும்மா. யாரோ ஒரு அம்மா சொன்னாங்கன்னு அப்ரூவல திருப்பி அனுப்புவாங்களா? சிமென்ட் பால் விட்டு அடைச்சுடலாம்."

"பொந்து எவ்ளோ பெருசுன்னே தெரியாம எத்தனை மூட்டை விடுவீங்க சார்?"

மழைக்கு முன் முடிக்க வேண்டுமாம். அறிக்கை தப்பு என்றால் என் தலையில்தான் விழுமாம். விழட்டும். போய்ப் பார்க்காமல் விடமாட்டேன்.

பிப்ரவரி 27

துளை போடும் மல்லப்பனைக் கூட்டிக்கொண்டு போனேன். சேற்றில் இறங்கித் தட்டினேன். உள்ளே வெற்றிடம்போல் தொம்மென்றது. கடப்பாரை நாலே குத்தில் உள்ளே போய்விட்டது. மல்லப்பன் டார்ச் அடித்துப் பார்த்து, "மேடம், உள்ள ஒரு ஆட்டோவே நிறுத்தலாம்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 28

ஒப்புதல் தந்தவர்களுக்கு நானே கடிதம் அனுப்பிவிட்டேன்: "இடப்பக்கத்தை நான் சோதிக்கவில்லை. அறிக்கையில் எழுதியது தவறு. தவறு என்னுடையது."

மார்ச் 6

ஒப்புதல் ரத்து. பொறுப்பை என்னிடமிருந்து எடுத்து ஹேமந்திடம் கொடுத்துவிட்டார்கள். எனக்கு எட்டு வருடம் இளையவன். இனி நான் அவனுக்கு உதவி.

பாத்ரூமுக்குள் போய் நன்றாக அழுதேன். முகம் கழுவிக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் எதிரில் உட்கார்ந்தேன். பாவம், அவன்தான் நெளிந்தான். "நீங்க சொல்லுங்க அக்கா, நான் எழுதிக்கறேன்."

"நான் சொல்றத நம்பாத. நீயே போய்த் தட்டு. நாலு பக்கமும்."

ஏப்ரல் 19

இருபது மீட்டர் உள்ளே தள்ளிப் புது இடம். மேலே, கீழே, இரண்டு பக்கமும் துளை போட்டு, தண்ணீரை அழுத்தி ஏற்றிப் பார்த்தோம். பாறை எங்கேயும் விடவில்லை. வரைபடத்தில் ஹேமந்தின் கையெழுத்து. வலிக்கத்தான் செய்தது. இல்லை என்று யாரிடம் நடிப்பது?

மே 17

புது ஒப்புதல் வந்து, கான்கிரீட்டும் முடிந்தது. முப்பத்தொரு மணி நேரம் நிறுத்தாமல் போட்டோம். தூக்கம்.

ஜூலை 3

சுவர் வழியே விட்டிருந்த வடிகால் குழாயின் வால்வை மூடினோம். தண்ணீர் மெல்லத்தான் ஏறும். எனக்குப் பொறுமை கிடையாது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஆகஸ்ட் 9

நாற்பது மீட்டர். சுவரோரத்தில் ஈரம் மட்டும். இருமுறை துடைத்துவிட்டுப் பார்த்தேன்.

செப்டம்பர் 20

அறுபத்தொன்று. மூன்று வாரமாக அதே அளவு. ஓரத்தில் கசிவதைப் பிடித்தால் நாளுக்கு ஒரு குடம்கூடத் தேறாது.

வெளியே வந்து வண்டியை எடுக்கப் போனால், நாச்சம்மாள் எருமையோடு வழியை மறித்துக்கொண்டு நிற்கிறார்.

"ஏனுங் அம்மணி, என்ன வேல பண்ணி வெச்சிருக்கறீங்? ஓடையில ஒரு சொட்டு இல்ல. இவளக் குளிப்பாட்ட நான் எங்கீங் போவேன்?"

பதில் சொல்ல வாயெடுத்தேன், சிரிப்பு வந்துவிட்டது. அவருக்குக் கோபம் இன்னும் ஏறியது. ஆபீஸ், கவர்மென்ட், என் படிப்பு, ஒன்றையும் விடவில்லை. வண்டியை ஆஃப் பண்ணிவிட்டு, நின்று முழுவதும் கேட்டுக்கொண்டேன்.