தேன்காரர் படத்துக்கு விழுந்த மாலை

என் ஊர்சுற்றித் தம்பி குமரா,

நேற்று பௌர்ணமி. ஊர் எப்படி இருந்திருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. செங்கம் ரோட்டில் காலையிலேயே ஆட்டோக்களை நிறுத்திவிட்டார்கள். அந்த நாளாகப் பார்த்து உன் நண்பர்கள் உன் படங்களுக்குக் கண்காட்சி வைத்தார்கள், கிரிவலம் வருகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்களாம். பார்த்தார்கள்தான். ஆனால் கதவு திறப்பதற்கு முன்னால் நடந்த ஒன்றை நான் உன்னிடம்தான் சொல்ல முடியும்.

கண்காட்சி வைத்த கல்யாண மண்டபத்தை நீ பார்த்திருந்தால் வாயைப் பிளந்திருப்பாய். மணமேடை இருக்கும் இடத்தில் கட்ச் உப்புப் பாலைவனம். அந்தக் காட்டுக் கழுதைகள், அவற்றுக்குப் பின்னால் ஒட்டகத்தோடு நடக்கும் மேய்ச்சல்காரர்கள். பந்தி மண்டபத்தில் அஸ்ஸாம் குரங்குகள், கை நீண்டவை, காலையில் ஜோடியாகப் பாடுமே, அவை. பனிமலையில் மாதக்கணக்கில் தவம் கிடந்தும் உனக்குச் சிறுத்தை கிடைக்கவில்லை, காலடித் தடம்தான் கிடைத்தது. அதையும் பெரிதாக்கி மாட்டிவிட்டார்கள். கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் மாட்டியதற்கு நான் சண்டை போட்டேன். என் வளைகாப்புக்குக்கூட வராமல் நீ எடுத்த படமாயிற்றே, சும்மா விடுவேனா?

வாசலில் மட்டும் நம்ம ஜவ்வாது மலைப் படம். தேன் எடுக்கிற சின்னாண்டி. பாறையிலிருந்து கயிற்றில் தொங்குகிறார், புகைக்கு நடுவே முகம், கண் மூடியிருக்கிறது. நாடு முழுக்கச் சுற்றிவிட்டு வந்து கடைசியாக நீ எடுத்தது அதுதான். அந்தப் படத்தைக் காட்டி நீ எனக்குச் சொன்னது நினைவிருக்கிறது. மேலே கயிற்றைப் பிடிப்பது எப்போதும் மனைவியின் கூடப்பிறந்தவன்தானாம். வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டார்களாம். அக்காவின் தாலியைத் தம்பி கைவிடுவானா என்று கேட்டுவிட்டு நீ சிரித்தாய். அடுத்த வாரமே காட்டுக் காய்ச்சலில் படுத்தாய். எழுந்திருக்கவில்லை.

சின்னாண்டிக்கு அது தெரியாது. நீ படம் எடுக்கப் போன இடங்களில் யாருக்குமே தெரியாதுடா. உன் போனை நான்தான் வைத்திருக்கிறேன், மாதாமாதம் ரீசார்ஜ் செய்கிறேன். கட்சிலிருந்து மேய்ச்சல்காரர் கூப்பிடுகிறார், அஸ்ஸாமிலிருந்து ஒரு பள்ளிக்கூடத்து ஆள் கூப்பிடுகிறார். எனக்குத் தெரிந்த இந்தியில் ஒன்றே ஒன்றைச் சொல்லி வைத்துவிடுகிறேன்: தம்பி ஊரில் இல்லை, படம் எடுக்கப் போயிருக்கிறான். பொய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீ எப்போது ஊரில் இருந்தாய்?

இத்தனைக்கும் நம்ம பிழைப்பே பிரேம் கடை. செத்தவர்களின் படத்தைத் தினமும் என் கையால் பெரிதாக்குகிறேன். சட்டை இல்லாதவருக்குச் சட்டை போட்டு, தலையைச் சீவிவிட்டு, மூடின கண்ணைத் திறக்க வைத்து, கீழே தோற்றம், மறைவு என்று எழுதிக் கொடுக்கிறேன். உன் படத்துக்கு மட்டும் என்னால் முடியவில்லை. உன் மாமா வெறுத்துப்போய் அவரே பிரேம் போட்டார். அதைப் பழைய புடவையில் சுற்றிக் கண்ணாடித் தகடுகளுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். கண்காட்சிக்கு எடுத்துவரச் சொன்னார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு வெறுங்கையோடு போனேன்.

இதற்கிடையில் போன வாரம் சின்னாண்டிக்கு அடிபட்டுவிட்டது. தேனீ மொய்த்ததில் கால் பிசகி, கயிற்றோடு ஊசலாடி, இடுப்பு பாறையில் மோதியிருக்கிறது. மச்சான் வேடியப்பன்தான் மேலே இழுத்துப் போட்டு, ஜீப் பிடித்து, நம்ம ஊர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தான். உன்னைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று நான் சொல்லியிருந்தபடி, உன் மாமா அங்கேயேதான் கிடக்கிறார். நேற்று மதியம் ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குள் தன் படத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று சின்னாண்டி கேட்டிருக்கிறார். அதை வாங்கிப்போகத்தான் அவர் மனைவி காளியம்மாவும் வேடியப்பனும் காலையில் மண்டபத்துக்குக் கிளம்பினார்கள்.

நான் பின்கட்டில் நாற்காலி எண்ணிக்கை சரியில்லை என்று வாடகைக் கடைக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் பூக்காரர் வந்திருக்கிறார். உன் மாமா உனக்காகச் சொல்லிவைத்த ரோஜா மாலை. கேட்டுப் போடலாம் என்று யோசிக்க அவருக்கு என்ன அவசியம்? மண்டப வாசலில் ஆளுயரப் படம், தனி ஆள், மூடின கண். நம்ம ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். மாலையைப் போட்டு, கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, கீழே ஒரு காமாட்சி விளக்கும் ஏற்றிவிட்டார்.

வாசல் பக்கம் சத்தமே இல்லை. ஏதோ சரியில்லை என்று தோன்றி வந்து பார்த்தேன். காளியம்மா படத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. படத்தைப் பார்த்தபடியே சொன்னாள்.

"எனக்கு முன்னாடி உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"ஐயோ, அப்படி ஒண்ணும் இல்லம்மா. பூக்காரர் தெரியாம போட்டுட்டாரு" என்றேன்.

"காலைல நாங்க கெளம்பறப்பவே டாக்டரு உங்க வூட்டுக்காரரத் தனியா கூப்ட்டுப் பேசினாரு. நான் பாத்துக்கினுதான் இருந்தேன். அப்புறந்தான் நீ போயி படத்த வாங்கிக்கினு வாம்மான்னு எங்கள அனுப்பினாரு. என்னை அந்தாண்ட அனுப்பத்தான படம்?"

வேடியப்பன் சுவரில் சாய்ந்து நின்றான். அவன் இரண்டு உள்ளங்கையிலும் கயிறு அறுத்த புண் இன்னும் ஆறவில்லை. அதை அக்காவுக்கு முன்னால் விரித்துக் காட்டினான். "நான் கயிற உடலக்கா. சாமி சத்தியமா உடல" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னான். அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை, குமரா. அவள் அவன் பக்கம் திரும்பவும் இல்லை. அதுதான் அவனைக் கொன்றது.

உன் மாமாவுக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. மூன்றாவது தடவை அவரே துண்டித்தார். அப்போது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை உண்மையாகவே ஏதாவது ஆகியிருந்தால்? இந்த மாலை பூக்காரர் செய்த தப்பாக இல்லாமல் போய்விட்டால்? நான் எந்த முகத்தோடு இவளிடம் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்?

காளியம்மா எழுந்து வந்தாள். என் கையைப் பிடித்தாள்.

"நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. தம்பியோட அக்கா நீங்க. தம்பி தலை மேல அடிச்சி சத்தியம் பண்ணுங்க, எங்க ஊட்டுக்காரரு உசுரோட இருக்காருன்னு. நான் நம்பிடறேன்."

நம்ம வீட்டில் சின்ன வயதில் எதற்கெல்லாம் உன் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணியிருக்கிறேன். மாங்காய் திருடியதற்கு, பரீட்சை மார்க்குக்கு. நீயும் பெரிய மனுஷன் மாதிரி தலையைக் காட்டிக்கொண்டு நிற்பாய். நேற்று என் கையை அவள் பிடித்திருக்கிறாள், சத்தியம் பண்ணத் தலை இல்லை. நான் பேசாமல் நிற்பதைப் பார்த்து அவள் தன் புருஷன் போய்விட்டான் என்றே முடிவுகட்டிக்கொண்டாள். அவள் கை தாலிக்குப் போனது.

"காளியம்மா, இரு" என்றேன்.

"அப்ப சொல்லுங்க. இந்த மாலை யாருக்கு?"

வாசலில் கிரிவலக் கூட்டம் போய்க்கொண்டே இருந்தது. உன் நண்பர்கள் எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். எனக்கு வேறு வழியே இல்லை.

"என் தம்பிக்கு" என்றேன்.

"எந்தத் தம்பிக்கு?" என்றாள். பிறகு, "நம்ம கேமரா தம்பிக்கா?" என்றாள். நான் தலையை ஆட்டினேன். நீ போய் இத்தனை மாதத்தில் நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு நான்தான் தரையில் உட்கார்ந்தேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். தன் புருஷன் இருக்கிறானா இல்லையா என்று அந்த நிமிடத்தில்கூட அவளுக்குத் தெரியாது. அப்படி இருந்தும் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள், குமரா.

அப்போதுதான் உன் மாமாவின் போன் வந்தது. நான் பேச முடியாமல் ஸ்பீக்கரில் போட்டேன்.

"இன்னாடி இத்தினி தடவ போன் பண்ற? டாக்டரு முன்னாடி நிக்கிறேன், எப்படி எடுக்கறது? முன்னாடி இருந்த கேஸ் தள்ளிப்போச்சாம், அதான் இவர இப்பவே உள்ள இட்டுனு போயிட்டாங்க. போறப்ப நல்லாத்தான் பேசினாரு. படம் வந்துச்சான்னு கேட்டாரு. காளியம்மா அங்க வந்துட்டாங்களா?"

வேடியப்பன் புண்ணான கையால் முகத்தை மூடிக்கொண்டு சத்தமாக அழுதான். காளியம்மா எழுந்து போய் மாலையைக் கழற்றினாள், விளக்கை அணைத்தாள், முந்தானையால் கண்ணாடியில் இருந்த குங்குமத்தைத் துடைத்தாள். சின்னாண்டிக்கென்று தனியாகப் போட்டுவைத்த சின்னப் பிரதியைக் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றாள். "இந்தப் படத்த நான் இங்க உடமாட்டேன்" என்று ஆளுயரப் பிரேமையே சுவரிலிருந்து இறக்கச் சொன்னாள்.

ஆட்டோ கிடையாது. போலீஸ் தடுப்பு இருக்கும் இடம்வரை நடந்துதான் போக வேண்டும். வேடியப்பன் ஒரு முனை, நான் ஒரு முனை, காளியம்மா முன்னால். கூட்டத்துக்கு எதிர்த்திசையில் கண் மூடிய ஒரு மனிதரின் படத்தைத் தூக்கிப் போகிறோம். ஜனங்கள் யாரோ சித்தர் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள். சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு அம்மா கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "சாமி எப்பம்மா சமாதி ஆனாரு?" என்று கேட்டார். காளியம்மாவுக்கு வந்ததே கோபம். "அவரு ஆஸ்பத்திரில இருக்காருங்க. வழி உடுங்க" என்றாள்.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு எதிரே படத்தைத் திருப்பிச் சுவரோரம் சாய்த்துவிட்டு உட்கார்ந்தோம். உன் கண்காட்சியை யார் திறந்தார்கள், என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. மதியம் தாண்டி ஒரு நர்ஸ் வெளியே வந்து, ஆபரேஷன் நன்றாக முடிந்தது, பயப்படாதீர்கள் என்றார். அப்போதும் காளியம்மா நம்பவில்லை. சின்னாண்டியை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்து, அவர் கண்ணைத் திறந்து பார்த்த பிறகுதான் நம்பினாள்.

சாயங்காலம் வார்டில் அவர் கேட்டார். "தம்பி வரலீங்களா?"

காளியம்மா என்னைப் பார்த்தாள். சொன்னேன். இரண்டாவது தடவையும் சுலபமாக இல்லை. காய்ச்சல் என்றேன், உங்கள் மலையிலிருந்து வந்த அடுத்த வாரம் என்றேன். அவர் மனைவியின் வீங்கின கண்ணைப் பார்த்தார்.

"நீ அழுதியா?"

"ஆமா."

"எனக்கா, தம்பிக்கா?"

"மொதல்ல உனக்கு" என்றாள். "அப்புறம் தம்பிக்கு."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் உன் மாமாவும் வெளியே வந்துவிட்டோம்.

குமரா, அவளுக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்காது. அவள் அழுது முடித்ததும் புருஷன் கண் விழித்தான். நான் அழாமல் இருந்தால் நீயும் வந்துவிடுவாய் என்று எனக்கு ஒரு கிறுக்குக் கணக்கு இருந்திருக்கிறது. நேற்று ராத்திரி வீட்டுக்கு வந்து உன் மாமாவின் மடியில் விழுந்து அழுதேன். அவரும் அழுதார்.

இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கும்போதே உன் போன் அடிக்கிறது. கட்ச் மேய்ச்சல்காரர்தான், எண்ணைப் பார்த்தாலே தெரிகிறது. இதை முடித்துவிட்டு அவரைக் கூப்பிடப் போகிறேன். தம்பி செத்துப்போய்விட்டான் என்பதற்கு இந்தியில் என்ன என்று உன் நண்பனிடம் கேட்டு வைத்திருக்கிறேன். அஸ்ஸாமுக்கும் சொல்கிறேன், பனிமலைக்கும் சொல்கிறேன். உன் படத்தைப் புடவையிலிருந்து எடுத்து, கீழே எழுத வேண்டியதை என் கையாலேயே எழுதி, கடையில் எல்லாரும் பார்க்கிற இடத்தில் மாட்டுகிறேன். இது சத்தியம். நீ போன பிறகும் உன்னை நான் ஊர் ஊராக அலைய விட்டுவிட்டேன். இனிமேல் அலைய விட மாட்டேன்.

உன்னைத் தூக்கி வளர்த்த அக்கா,
வசந்தி