காத்திருந்த ஒரு பகல்

பெக்கன்பாரு
18 ஜூலை 1987, சனி

அன்புள்ள எர்னித்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் முப்பத்தெட்டு மாடுகளும் உயிரோடு வந்து சேர்ந்தோம். இரண்டு மாடுகள் லாரியிலேயே நொண்டத் தொடங்கின. ஒன்று தேறிவிட்டது. மற்றதை வாங்க வருகிறவர்களிடம் நானே சொல்லிவிடுகிறேன், நொண்டி மாடு பெருநாள் குர்பானிக்கு ஆகாது, கறிக்கடைக்குத்தான் என்று. மறைத்து விற்றால் அடுத்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இந்த ஊரில் நான் கயிறுகூட விற்க முடியாது.

இங்கே பள்ளிவாசல் கமிட்டிக்காரர்கள் எல்லாம் வாய்விட்டுத்தான் விலை கேட்கிறார்கள். நம் பயாகும்பு சந்தை வழக்கப்படி நேற்று ஒருவர் கையைப் பிடித்துக் கைலியால் மூடினேன். மூடின துணிக்குள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவது இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியவே தெரியாது போலிருக்கிறது. "என்னங்க இது, பொண்ணு பார்க்க வந்தவன் மாதிரி கையைப் புடிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் மாடு மிரண்டது.

உன் வயிற்றுக்குள்ளே இருக்கிற ஆள் எப்படி? ஏழு வருஷம் காக்க வைத்துவிட்டு வருகிறவர், மரியாதையாகத்தான் கேட்கிறேன். உன் அம்மா என்ன சொன்னாலும் வாளி தூக்காதே. இந்தக் கடிதத்தை பஸ் ஓட்டுநர் இத்ருஸிடம் கொடுக்கிறேன். சாயங்காலம் ஏறினால் விடியும்போது உங்கள் சித்துஜு முச்சந்தியில் இருப்பான். பதிலை அவனிடமே கொடு. அவனுக்கு இரண்டு பச்சரிசிக் கொழுக்கட்டை கொடுத்தால் கடிதம் நசுங்காமல் வரும்.

உன் கணவன், உன் உடா,
மர்லியுஸ்

சித்துஜு
21 ஜூலை 1987, செவ்வாய்

அன்புள்ள உடா,

வ அலைக்கும் ஸலாம். கடிதம் வந்தது, நசுங்கித்தான் வந்தது. வாளி தூக்கவில்லை. அம்மாதான் தூக்குகிறாள், தூக்கும்போதெல்லாம் எனக்குக் கேட்கும்படி முனகுகிறாள்.

ஒரு விஷயம். பதறாமல் படியுங்கள். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் உள்ளே இருக்கிற ஆள் சும்மா இருந்ததில்லை. சாப்பிட்டுப் படுத்தால் போதும், விலாவில் உதைத்து என்னை எழுப்பிவிடும். நேற்றிலிருந்து அப்படி இல்லை. காலையில் ஒரு முறை புரண்டது. மத்தியானம் இனிப்புத் தண்ணீர் குடித்து, இடப்பக்கம் படுத்து, கையை வயிற்றில் வைத்துக்கொண்டே இருந்தேன். வெகுநேரம் கழித்து ஒரே ஒரு அசைவு, அதுவும் தூக்கத்தில் திரும்புவது போல. இன்றும் அதேதான்.

அம்மாவிடம் சொன்னேன். "எட்டு மாசம் ஆச்சுல்ல, எடம் பத்தலை. முழங்காலை மடிச்சு வெளிய வர நேரம் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கு. நீ ஒருத்திதான் புள்ளை பெக்கறியா?" என்கிறாள். எங்கள் குலத்துத் தலைவர் டத்துக் மாமாவும் வந்தார். "ஆஸ்பத்திரிக்குப் போனா அறுத்துத்தான் அனுப்புவான். குடும்பத்துல பேசி முடிவு பண்ணுவோம்" என்று சொல்லி, காப்பி குடித்துவிட்டுப் போனார். எப்போது பேசுவார்கள் என்று சொல்லவில்லை.

ஆனால் போன மாதம் சுகாதார நிலையத்து மருத்துவச்சி என்னிடம் வேறு மாதிரி சொன்னாள். அசைவு குறைந்தால் அன்றைக்கே வா, மறுநாள் என்று தள்ளாதே என்றாள். எனக்குப் போக வேண்டும் போலிருக்கிறது. தாய்மாமன் பேச்சை மீறி இந்த வீட்டில் நான் இதுவரை எதுவும் செய்ததில்லை. நீங்கள் ஒரு வார்த்தை எழுதுங்கள்.

எர்னித்தா

பெக்கன்பாரு
22 ஜூலை 1987, புதன்

அன்புள்ள எர்னித்தா,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பயப்படாதே. நான் கயிறு பிடிக்கிற பையனாக இருந்து இன்றைக்குச் சொந்த லாரியில் மாடு ஏற்றுகிறேன் என்றால், ஒரே ஒரு பாடத்தால்தான். கைலிக்குள்ளே எதிராளியின் விரல் அசையாமல் நின்றுவிட்டால், அவன் போய்விட்டான் என்று அர்த்தமில்லை, யோசிக்கிறான். அந்த நேரத்தில் அவசரப்பட்டுக் கையை அசைக்கிறவன்தான் தோற்பான். எத்தனை மாட்டை நான் இப்படிச் சும்மா நின்றே வாங்கியிருக்கிறேன் தெரியுமா?

பிள்ளையும் அப்படித்தான். ஓய்வெடுக்கிறது. அம்மா நான்கு பெற்றவள், அவளுக்குத் தெரியும். மாமாவை எதிர்த்துக்கொண்டால் பேச்சு என் தலையில்தான் விழும், வெளியூர் மாப்பிள்ளை பெண்ணைத் தூண்டிவிட்டான் என்று. வெள்ளிக்கிழமை வரை பார். பெரிய மாடுகள் பத்துதான் பாக்கி. முடித்துவிட்டு நானே வருகிறேன்.

மர்லியுஸ்

பயாகும்பு ஆஸ்பத்திரி
24 ஜூலை 1987, வெள்ளி, காலை

உடா,

இதை இத்ருஸுக்காகப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். மடியில் வைத்து எழுதுகிற எழுத்து, குறை சொல்லாதீர்கள்.

உங்கள் கடிதம் நேற்றுக் காலையில் வந்தது. நீங்கள் போ என்று எழுதுவீர்கள் என்று நினைத்துப் பையைக்கூட எடுத்து வைத்திருந்தேன். படித்துவிட்டுப் பையை ஓரமாக வைத்தேன். உங்கள் பேச்சை நம்பி ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். ஒரு முறைதான் அசைந்தது. அது அசைவா, என் குடல் புரண்டதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

இன்று விடிந்ததும் பையை எடுத்தேன். அம்மா வாசலை மறித்தாள்.

"மாமாகிட்ட கேட்டியா?"

"கேக்கல."

"உன் புருஷனே இருன்னு எழுதியிருக்கான்ல?"

"அவர் வயித்துலயா இருக்கு? அவருக்கு மாட்டைத்தான் தெரியும்."

சத்தம் கேட்டு மாமா வந்துவிட்டார். "மாப்பிள்ளைங்கிறவன் வெட்டின மரத்துக் கட்டை மேல இருக்கிற சாம்பல். ஊதினா போயிரும். அவன் பேச்சுக்கு நான் மதிப்புக் குடுக்கல, ஆனா என் பேச்சுக்கு நீ குடுக்கணும்" என்றார். நான் சொன்னேன்: "ரெண்டு பேர் பேச்சையும் கேட்டு மூணு நாள் உக்காந்தாச்சு மாமா. இனிமே இது பேசறதைத்தான் கேப்பேன். இது பேசறதை நிறுத்திட்டா நான் யார்கிட்ட கேக்கறது?" அவர் பதில் சொல்வதற்குள் பால்காரன் குதிரை வண்டியில் ஏறிவிட்டேன். அம்மா செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிவந்து ஏறினாள். வழி முழுக்கத் திட்டினாள். ஆனால் பள்ளம் வந்தபோதெல்லாம் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

சுகாதார நிலையத்தில் மருத்துவச்சி வயிற்றில் மரக்குழலை வைத்துப் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்டாள். வெகுநேரம் கேட்டாள். "இருக்கு" என்றாள். பிறகு, "ஆனா இறங்கி இறங்கி ஏறுது. ஏன் திங்கக்கிழமையே வரலை?" என்றாள். அவளே கூட வந்து இங்கே சேர்த்தாள். நஞ்சுக்கொடி சோர்ந்துவிட்டதாம், பிள்ளைக்குச் சாப்பாடு சரியாகப் போகவில்லையாம். மத்தியானம் அறுவைச் சிகிச்சை. டாக்டர் எதற்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

பிள்ளை பிழைத்தால் பேசிக்கொள்வோம். பிழைக்காவிட்டால் அந்த ஒரு பகலுக்காக உங்களை என்னால் மன்னிக்க முடியுமா என்று தெரியவில்லை. பொய்யாக எதுவும் எழுத விரும்பவில்லை.

எர்னித்தா

பயாகும்பு ஆஸ்பத்திரி, தாழ்வாரம்
25 ஜூலை 1987, சனி

எர்னித்தா,

நேற்று உன் கடிதத்தை இத்ருஸ் என் கையில் கொடுத்தபோது பத்து மாட்டுக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். படித்து முடித்ததும் கமிட்டிக்காரர் சொன்ன விலைக்கே சரி என்றேன். அவருக்கே சந்தேகம் வந்து, "மாட்டுக்கு ஏதாவது சீக்கா?" என்று கேட்டார். "சீக்கு மாட்டுக்கு இல்லங்க, எனக்கு" என்று சொல்லிவிட்டு அவன் பஸ்ஸிலேயே ஏறினேன். வழி முழுக்க நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தது. உட்கார முடியவில்லை.

வாசலிலேயே நர்ஸ் சொல்லிவிட்டாள். பெண். ஒரு கிலோ எண்ணூறு கிராம். மூச்சு விடுகிறாள். நீயும் கண் விழித்துவிட்டாய். நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். உன் அம்மா பார்த்தாள். பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அது அவள் செய்த பெரிய உபகாரம்.

பிறகு கதவுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "அவ கேட்டாத்தான் உள்ள விடுவேன். எனக்கே நேத்து ராத்திரிதான் அனுமதி கிடைச்சுது" என்கிறாள். அதனால்தான் பத்து அடி தூரத்தில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறேன்.

நான் வியாபாரி. நட்டம் வந்தால் சந்தை சரியில்லை, லாரி சரியில்லை என்று யார் மேலாவது போடப் பழகியவன். இதை யார் மேலும் போட முடியவில்லை. உன் அம்மாவுக்கு அவள் கேட்டு வளர்ந்த வழக்கம் இருந்தது. மாமாவுக்கு அவர் கௌரவம் இருந்தது. எனக்கு என்ன இருந்தது? தெரியாத விஷயத்தில் தெரிந்தவன் போல எழுதினேன். உனக்கு மருத்துவச்சி சொன்னதை நீ எழுதியிருந்தாய். அந்த வரியை நான் தாண்டிப் போனேன். மாமா என்னைச் சாம்பல் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயமும் அதில் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மாமா காலையில் வந்தார். எங்கள் பெண்ணைக் காப்பாற்றினது எர்னித்தா ஒருத்திதான், நீங்களும் இல்லை, நானும் இல்லை என்று அவரிடம் சொன்னேன். ஏழு வருஷத்தில் அவர் முகத்தைப் பார்த்து நான் பேசிய முதல் பேச்சு. அவர் எனக்கும் ஒரு காப்பி வாங்கிக் கொடுத்தார்.

நீ கூப்பிட்டால் வருகிறேன். கூப்பிடாவிட்டால் இந்தப் பெஞ்சில் இருக்கிறேன். பெருநாளும் இங்கேயே போகட்டும். வேறு எங்கேயும் எனக்கு வேலை இல்லை.

மர்லியுஸ்

(அதே தாளின் பின்பக்கம், பென்சிலில்)

உடா,

அவளுக்கு மூக்கு உங்களுடையது. கோபமும் என்னுடையது இல்லை, நர்ஸ் தொட்டாலே கத்துகிறாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், அலுக்கவில்லை.

பின்கட்டில் குழாய் இருக்கிறது. சோப்புப் போட்டுக் குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டு வாருங்கள். மாட்டு வாடையோடு அவளைத் தொட விடமாட்டேன். அம்மாவிடம் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள், ஸ்டூலை நகர்த்துவாள்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதவில்லை, கவனியுங்கள். வியாழக்கிழமை அந்தப் பகலில் எனக்கு என்னவெல்லாம் தோன்றியது என்று உங்களிடம் சொல்ல வேண்டும். மணிக்கு மணி சொல்லுவேன், ஒரு பகல் ஆகும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். நடுவில் ஒரு பாடமும் சொல்லக் கூடாது.

எர்னித்தா