மேல்வீட்டு வாணலி

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நானும் அக்காவும் சுகம். மாமாவும் சுகம்தான், நெற்றியில் நான்கு தையல் மட்டும். அவர்கள் தூங்கியதும் குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கல்யாணமானதிலிருந்து அக்காவும் மாமாவும் ஒவ்வொரு நாட்டிலும் இரண்டு மாதம் தங்கி, பாத்திரம் இரவல் வாங்கியே சிநேகம் பிடிப்பது உனக்குத் தெரியுமே. இங்கே மேல்வீட்டுக்காரியிடம் இரும்பு வாணலி வாங்கினார்கள். வெறும் பாத்திரம் திருப்பித் தரக் கூடாது என்பாயே, அதனால் அக்கா கேசரி நிரப்பிக் கொண்டுபோனாள். தன்னைக் கேட்காமல் இரவல் கொடுத்ததற்காக அவள் கணவர் அவளை அறைந்தார். தடுத்த மாமாவை அந்த வாணலியாலேயே அடித்தார். படியெல்லாம் கேசரியும் ரத்தமும். நான்தான் துடைத்தேன்.

இன்று அந்த ஆள் மனைவியோடும் பூங்கொத்தோடும் வந்து மன்னிப்புக் கேட்டு, நாளை மதியம் விருந்துக்கு அழைத்தார்.

"போயிட்டு வருவோம்டி. இந்த ஊர்ல நமக்கு வேற யாரு இருக்கா?" என்றார் மாமா.

"உங்க தலை, உங்க இஷ்டம்" என்று சிரித்தாள் அக்கா.

அந்த ஆளின் முதுகுக்குப் பின்னால் நின்ற அவர் மனைவி, வீங்கிய உதட்டோடு என்னைப் பார்த்து, வர வேண்டாம் என்று தலையசைத்தாள். சொன்னால், "சின்னப் பொண்ணு, எதைப் பாத்தாலும் பயம்" என்கிறார் மாமா.

மேலே இப்போது அந்த ஆள் எதையோ போட்டு உடைக்கிறார். அவள் குரல் மட்டும் கேட்கவில்லை.

இதைப் படம் எடுத்து அக்கா போனிலிருந்து அனுப்பிவிட்டு அழித்துவிடுவேன். பதில் போடாதே. காலையில் கூப்பிட்டு, போகாதீர்கள் என்று சொல். உன் பேச்சை மாமா தட்ட மாட்டார். என் நீலப் போர்வையையும் யாரிடமாவது கொடுத்தனுப்பு.

திருப்பித் தர வேண்டுமென்று அக்கா தூங்கப் போகும்வரை வாணலியைத் தேடினாள். படி துடைத்தபோது நான் எடுத்துவந்துவிட்டேன்; அது என் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

உன் சின்ன மகள்