பங்குனிக்குச் சொன்ன ஓம்

இணுவில்
22.01.2025

அன்பு நிருஷனுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்குக் குறை நினைக்காதேங்கோ. பிள்ளை சாருஜா இப்போதுதான் கண்ணயர்ந்தாள். போனில் கதைத்தால், நீங்கள் கேட்டு முடிக்க முன்னமே "ஓம்" என்று சொல்லிவிடுகிறேன். அதுதான் ஈமெயிலில் எழுதுகிறேன்.

கம்பஸில் இறுதி வருடத்துக்கு உணர்வுத் திறன் பயிற்சி நடக்கிறது. கோபம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று மதுரா மிஸ் எழுதித் தரச் சொன்னார். ரியூஷனில் மாதிரி விடை பார்த்தெழுதி வளர்ந்த எங்களுக்கு வேறென்ன தெரியும்? நான் ஒரு மாதிரி விடை எழுதி வட்ஸ்அப் குழுவில் போட்டேன். வகுப்பு முழுக்க அதையே பார்த்தெழுதிவிட்டது. வீட்டு முற்றத்து வேம்பைச் சுற்றி நடப்பேன் என்று ஜெனிஸ்ரனும் எழுதியிருக்கிறான். அவன் இருப்பது விடுதியின் மூன்றாம் மாடியில்.

மிஸ் சிரித்துவிட்டு, "உது ஆரின்ரை கோபம், பிள்ளையள்?" என்று கேட்டார். விடையை எழுதியவள் நான். நானும் எந்த மரத்தையும் சுற்றி நடந்ததில்லை.

பங்குனிக்கு அங்கே வர எனக்கும் பிள்ளைக்கும் விமான ரிக்கற் போட்டுவிட்டீர்கள். ஆனியில் எனக்கு இறுதிப் பரீட்சை. எனக்குக் கோபம்.

உங்கள்
டிலக்ஷி

*

ரொறன்ரோ
25.01.2025

அன்புள்ள டிலக்ஷிக்கு,

கோபப்படவும் கம்பஸில் வகுப்போ? உம்மடை மிஸ்ஸுக்கு என்ரை நன்றியைச் சொல்லும். பங்குனிக்கு ஓம் என்றது நீர்தானே? வீடும் பார்த்துவிட்டேன். போனில் என்னைக் கண்டால் பிள்ளை உமக்குப் பின்னால் ஒளிக்கிறாள். நீர் பரீட்சை என்கிறீர். அந்தப் பட்டத்தை வைத்து இங்கே என்ன செய்யப் போகிறீர்? வகுப்பில் கேட்டுச் சொல்லும்.

நிருஷன்

*

இணுவில்
28.01.2025

அன்பு நிருஷனுக்கு,

கேட்கப் போய் வேறொன்றைச் சொல்லிவிட்டேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை, பயப்படாதேங்கோ.

இந்த முறை வாயால்தான் சொல்ல வேண்டும் என்று மிஸ் எங்கள் பேனைகளை வாங்கி வைத்துவிட்டார். நான் எழும்பி, "அவர் என்ன கேட்டாலும் ஓம் எண்டுவன். பிறகு எனக்கு நித்திரை வராது" என்றேன்.

"அக்கா, உது அவருக்குத் தெரியுமோ?" என்றான் ஜெனிஸ்ரன்.

தெரியாது. நான் சொன்னதில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொருவராகக் கதைக்கத் தொடங்கி, நாலரை பஸ்ஸைத் தவறவிட்டேன்.

பிள்ளை ஒளிக்கிறாள் என்று நீங்கள் எழுதியதை வாசித்து அழுதேன். ஆனாலும் பங்குனியில் வரமாட்டேன். அவள் பிறந்தபோது ஒரு வருடம் படிப்பை விட்டேன். இன்னொரு முறை விட்டால் திரும்பிப் போகமாட்டேன் என்று பயமாக இருக்கிறது. அங்கே வந்து என்ன செய்வேனோ, எனக்கும் தெரியாது. பரீட்சையை எழுதிவிட்டு இருவரும் வருகிறோம். அதுவரை, நீங்கள் வேலைக்குப் போகமுன், அவளை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் போன் எடுக்கிறேன். அவள் ஒளித்தாலும் போனை வைக்கமாட்டேன்.

ரிக்கற்றை ஆடிக்கு மாற்றுங்கோ. மாற்ற மனமில்லையென்றால் அதையும் எழுதுங்கோ. கெதியாகப் பதில் போடுங்கோ.

டிலக்ஷி