நீ மறுத்த நீலத் தொப்பி

என் அன்புச் சரோஜா,

நீ கண்ணை மூடி நாலு மாதம் ஆகிறது. நம் இருவருக்கும் உள்ள வயது வித்தியாசமும் அதே நாலு மாதம்தான். அதை வைத்துக்கொண்டே "அக்கான்னு கூப்பிடுடி" என்று இருபது வருடத்துக்கு மேல் என்னைப் படுத்தினாய். நானும் பிடிவாதமாக ஒருநாளும் கூப்பிட்டதில்லை. இப்போது கூப்பிட்டால் உனக்குக் கேட்குமா?

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். சிரம்பானில் ஒரு கடைவீட்டில் பதினைந்து பேர் உட்கார்ந்து, மாவுக்குள் உருளைக்கிழங்கு மசாலா வைத்துக் கறிபாப் மடித்தோமே, அந்தக் கம்பெனி பெடாஸ் பக்கம் இரண்டாவது தொழிற்சாலை கட்டுகிறது. நீ பிறந்த ரப்பர் தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் பத்து நிமிஷம். கறிபாப் இப்போது ஐஸ் பெட்டியில் சிங்கப்பூர் வரை போகிறது. மடிக்கக் கைகள் போதவில்லை. வருகிற கைகளைப் பழக்கவும் ஆள் போதவில்லை.

முதலாளி நம் இருவரையும் அறைக்குக் கூப்பிட்ட நாள் ஞாபகம் இருக்கிறதா? இனி ஒவ்வொரு லைனுக்கும் ஒரு தலைவி வேண்டும் என்று இரண்டு நீலத் தொப்பிகளை மேசையில் வைத்தார். நான் ஒன்றை எடுத்துக்கொண்டேன். நீ தொடக்கூட இல்லை. வெளியே வந்ததும், வந்த லட்சுமியை உதைக்கிறாயே என்று உன்னைத் திட்டினேன்.

"எங்கப்பா தோட்டத்துல மண்டோருடி," என்றாய். "ஆளுங்கள வேலை வாங்குறவரு. அவரு ஆளுங்க குடியிருக்கிற லயத்துப் பக்கம் வந்தா பேச்சு நின்னுரும். அவரு செத்தன்னிக்குத் தூக்கவே ஆள் தேடுனோம் லா. எனக்கு வேணாம் அந்தத் தொப்பி."

நான் சிரித்தேன். இது தோட்டமில்லை, கம்பெனி என்றேன். ஓட்டலில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய், நல்ல தலைவர் யார் என்று திரையில் காட்டியதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். வந்து செய்தது என்னவோ உன் அப்பா செய்த வேலைதான். ஆட்களுக்குப் பின்னால் நின்று கடிகாரத்தைப் பார்த்தேன். நான் கேண்டீனுக்குள் நுழைந்தால் பேச்சு நின்றது. பிறகு தலைவிகளுக்கென்று இருந்த அறையிலேயே சாப்பிடப் பழகிவிட்டேன்.

நான் உனக்குக் கொடுத்த அந்தக் கடிதத்துக்கும் வருகிறேன். அதை எழுதாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது.

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் உன் பக்கத்தில்தான் வந்து நிற்பார்கள். நீ ஓயாமல் எதையாவது பேசிக்கொண்டே இருப்பாய். மேலே இருக்கிறவர்கள் பார்த்தால் என் பேர் கெடும் என்று பயந்தேன். வேலை நேரத்தில் பேச்சு என்று எழுதி, உனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தேன். நீ படித்தாய், கையெழுத்துப் போட்டாய், கையைக் கழுவிக்கொண்டு லைனுக்குப் போய்விட்டாய். ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? கேட்டிருந்தால் அன்றைக்கே சண்டை போட்டு அன்றைக்கே தீர்த்திருப்போமே.

போன வெள்ளிக்கிழமை கூட்டத்தில் முதலாளி என்னைப் பாராட்டினார். மற்ற லைன்களில் ஓரம் மடிக்கக் கற்க ஒரு மாதம் ஆகிறதாம். நம் ரெண்டாம் லைனில் ஒரே வாரமாம். அதனால் பெடாஸ் தொழிற்சாலையில் பயிற்சிக்கு நான்தான் பொறுப்பாம். எல்லாரும் கை தட்டினார்கள். என் முறைதான் காரணம் என்று நானும் நம்பித்தான் சிரித்தேன் சரோஜா.

அன்று மத்தியானம் லைனுக்குப் போனேன். நேபாளத்திலிருந்து வந்த மாயா, முந்தின நாள் சேர்ந்த இந்தோனேசியப் பெண்ணுக்கு மடிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் விரலைப் பிடித்தபடி மாயா சொன்னாள், "மெதுவா லா, கை பாக்கட்டும். கண்ணு அப்புறம் பாக்கும்."

நேபாளிக்கும் இந்தோனேசியக்காரிக்கும் நடுவில் தமிழ். அதுவும் உன் தமிழ். எங்கே கற்றாய் என்று கேட்டேன்.

"சரோக்கா சொல்லிக்குடுத்தது. இத சொன்னாதான் கை வரும்னு சொல்லும்," என்றாள்.

நான் எச்சரிக்கை எழுதியது இந்தப் பேச்சுக்குத்தான். நோகாமல் நுங்கு தின்றிருக்கிறேன், அதுவும் வெட்டிக் கொடுத்தவளையே திட்டிவிட்டு. எனக்கு அங்கே நிற்கவே வெட்கமாக இருந்தது.

உண்மையைச் சொன்னால் பதவி போகும் என்று சனி ஞாயிறு முழுக்க பயந்தேன். மம்பாவில் என் வீட்டில் சமைத்தது அப்படியே கிடந்தது. திங்கட்கிழமை முதலாளி அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். "ரெண்டாம் லைனைப் பழக்குனது நான் இல்ல, சரோஜாதான். நான் அவளுக்கு எச்சரிக்கை குடுத்தவ," என்றேன்.

அவர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். பிறகு, "அப்ப பெடாஸ்ல யார் பழக்குறது?" என்றார்.

"மாயா பழக்கட்டும். நான் அவகிட்ட கத்துக்குறேன்," என்றேன். பழக்குகிறவர்களுக்குச் சம்பளம் கூட்டுங்கள், ஆனால் நிறம் மாற்றித் தொப்பி போட்டு அவர்களைக் கூட்டத்திலிருந்து பிரிக்காதீர்கள் என்றும் கேட்டேன். சம்பளத்துக்குச் சரி என்றார். தொப்பியைப் பற்றி யோசிக்கலாம் என்றார். என்னை இன்னும் நீக்கவில்லை. வைத்திருப்பாரா என்பதும் தெரியவில்லை.

ஆபீஸில் உன் ஃபைலை வாங்கி அந்தக் கடிதத்தைப் பார்த்தேன். கிழிக்கக் கூடாது என்றார்கள். சரி, என் தப்பும் அங்கேயே இருக்கட்டும். அதன்மேல் இன்னொரு தாளை வைத்தேன்: "சரோஜா பேசியது பயிற்சி. அது தெரியாமல் எழுதியவள் வசந்தா." கீழே கையெழுத்துப் போட்டேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பாய். திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

இன்று மத்தியானம் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, டிபன் டப்பாவோடு கேண்டீனுக்குப் போனேன். வழக்கம்போல் பேச்சு நின்றது. மாயா நகர்ந்து இடம் விட்டாள். நீ உட்காரும் ஓரம். உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். யாரோ ஒருத்தி என் குழம்பில் உப்பு அதிகம் என்றாள், இன்னொருத்தி இல்லை என்றாள். பேச்சு மறுபடி ஆரம்பித்துவிட்டது.

பெடாஸில் வேலை தொடங்கும் முதல் நாள் எனக்கு எந்தத் தொப்பி கொடுத்தாலும், புதிதாக வருகிறவளுக்குப் பின்னால் நிற்க மாட்டேன். பக்கத்தில் நிற்பேன். அவள் கையைப் பிடித்து உன் வார்த்தையைச் சொல்வேன். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டால், எங்கள் அக்கா என்பேன்.

உன்னைவிட நாலு மாதம் இளைய
உன் தங்கச்சி,
வசந்தா